வண்டி ரிப்பேரா சார்?

“என்ன சார், வண்டி ரிப்பேரா?”

சலாலாவில் சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்த முதல் வாரத்தில் நாங்கள் நால்வரும் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். பக்காலாக்காரர் கேட்டார். பக்கத்து ஃப்ளாட்காரர் கேட்டார். காரை ஓரமாக நிறுத்திவிட்டு, “ஏறுங்க சார், நான் இறக்கி விட்டுடறேன்” என்று கதவைத் திறந்தவர்களும் உண்டு. “இல்லைங்க, வண்டி நல்லாத்தான் இருக்கு. சும்மா சைக்கிள்ல போறோம்” என்றால் நம்ப மாட்டார்கள். ஒருவர் குரலைத் தாழ்த்தி, “கம்பெனியில ஏதும் பிரச்சினையா?” என்றுகூட விசாரித்தார்!

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வளைகுடாவில் சைக்கிள் என்றால் கார் வாங்க முடியாதவரின் வண்டி என்றே நம் எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. லைசென்ஸ் எடுப்பதற்குள் படும் பாடு நமக்குத் தெரியும். அப்படி எடுத்துக் கார் வாங்கியவர் மறுபடியும் சைக்கிளில் ஏறினால், ஏதோ இறங்கிவிட்டார் என்றுதான் ஊர் நினைக்கும்.

நாங்கள் ஏன் ஏறினோம் என்பதை நலப் பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். நால்வரும் கூடிப் பேசி எழுதியது இது. முதலில் எங்களைப் பற்றி. ஒருவர் கும்பகோணத்துக் கணக்கர். ஒருவர் நாகர்கோவில் ஆசிரியர். ஒருவர் கீழக்கரையைச் சேர்ந்த மருந்துக்கடை பாய். இன்னொருவர் ஹார்ட்வேர் கடை மேலாளரான யாழ்ப்பாணத்து அண்ணன். நால்வரும் தஹாரிஸ் பகுதியில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். நால்வரும் நாற்பதைத் தாண்டியவர்கள். நால்வருக்கும் தொப்பை உண்டு, அளவுதான் வேறு!

ஒரு ரத்தப் பரிசோதனை

கதை கணக்கரிடம் தொடங்குகிறது. வேறு ஏதோ காரணத்துக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. இவர் நடுவில் நிற்கிறார். “இன்னும் சர்க்கரை வரவில்லை. ஆனால் வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் கையில்” என்றார் மருத்துவர்.

கணக்கரின் அப்பாவுக்குச் சர்க்கரையால் ஒரு கால் விரலை எடுக்க வேண்டி வந்தது. அந்த நினைவில் மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஜிம்மில் சேர்ந்தார். இரண்டு மாதத்தில் நின்றார். காரணம் சோம்பல் மட்டுமல்ல. சலாலாவில் பல கடைகளும் அலுவலகங்களும் காலை ஒன்பது முதல் ஒன்று வரை, பிறகு மாலை நாலரை முதல் இரவு ஒன்பது, பத்து வரை என்று இரண்டு ஷிப்டாக நடப்பவை. இதற்கு நடுவே ஜிம்முக்கு எப்போது போவது? போனால் குடும்பத்தை எப்போது பார்ப்பது?

அப்போதுதான் மருந்துக்கடை பாய் ஒரு கணக்குப் போட்டார். “நம்ம வீட்டிலேர்ந்து டவுனுக்கு அஞ்சு கிலோமீட்டர் சொச்சம். சைக்கிள்ல இருபது நிமிஷம். போக வர நாற்பது. வாரத்துக்கு அஞ்சு நாள்னா இருநூறு நிமிஷம். தனியா நேரம் ஒதுக்கவே வேணாம், எப்படியும் போக வேண்டிய வழிதானே?”

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பாயின் இருநூறு நிமிடம் அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை நால்வருமாகப் போய் நான்கு சைக்கிள் வாங்கினோம். இரண்டு புதியது, இரண்டு பழையது.

ஏன் சலாலாவில் முடியும்?

துபாயிலும் தோஹாவிலும் இருக்கும் உறவினர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஜூலை மாதத்து வெயிலில் சைக்கிளா என்பார்கள். அங்கே அது நியாயமான கேள்விதான். ஆனால் நம் சலாலா வேறு ஊர் என்பது இங்கே வாழும் நமக்குத் தெரியும்.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்துக்கும் கன்னியாகுமரிக்கும் மழை கொண்டு போகிற அதே காலத்தில் நம் தோஃபார் மலைகளையும் வந்து தொடுகிறது. அந்த மாதங்களில் இந்தக் கரையோரக் கடலில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஈரக்காற்று அதன்மேல் குளிர்ந்து, மலையில் முட்டி, மேலே போக வழியில்லாமல் பனிமூட்டமாகவும் தூறலாகவும் இறங்குகிறது. ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை கரீஃப் என்று கணக்கு. மஸ்கட்டில் 40 டிகிரி கொளுத்தும்போது இங்கே இருபத்தைந்தை ஒட்டித்தான். “குற்றாலச் சாரல்ல சைக்கிள் ஓட்டுற மாதிரி இருக்கு” என்பார் நாகர்கோவில் ஆசிரியர்.

ஊரும் பெரும்பாலும் சமதளம். மலை வடக்கே, கடல் தெற்கே, நடுவில் தட்டு மாதிரி ஊர். தஹாரிஸிலிருந்து மேற்கே வந்தால் ஒரு பக்கம் தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், பப்பாளி. ஓரத்தில் இளநீர்க் கடைகள். காரில் பல வருடம் போய்வந்த பாதைதான். ஏ.சி.க்குள் இருந்தபோது வாழைத்தோட்டத்துக்கு ஒரு வாசனை உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. முதல்நாள் அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியபோது, “அட, நம்ம திருவையாத்து ரோடு!” என்று கணக்கர் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

வருடம் முழுக்க இப்படி இருக்குமா என்றால், இருக்காது. கரீஃப் வருவதற்கு முந்தைய மே, ஜூன் வாரங்கள் கடுமை. வெயிலின் அளவைவிடப் புழுக்கம்தான் கஷ்டம். வியர்வை காயாது, உடம்பு குளிராது. குளிர்காலத்தில் சில நாட்கள் வடக்கே பாலைவனத்திலிருந்து புழுதியோடு காற்று வரும். அந்த நாட்களில் நாங்கள் வீரம் காட்டுவதில்லை. காரில் போய்விடுவோம். ஓமனில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் 12.30 முதல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குச் சட்டப்படி தடை இருக்கிறது. வெயிலில் வேலை வாங்கவே கூடாது என்ற நேரத்தில் நாமாகப் போய்ச் சைக்கிள் மிதிப்பானேன்? இரண்டு ஷிப்ட் உள்ள பாய், கரீஃப் தவிர்ந்த கோடை நாட்களில் மதியம் மட்டும் நண்பர் காரில் வருவார். காலையும் இரவும் சைக்கிள்.

ஆராய்ச்சிகள் சொல்வது

டென்மார்க் நாட்டுக் கோபன்ஹேகனில் சுமார் 30 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலைக்குச் சைக்கிளில் போனவர்களிடையே, அந்தக் காலத்தில் இறந்தோர் விகிதம் மற்றவர்களைவிடச் சுமார் 28 சதவீதம் குறைவாக இருந்தது. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 5 ஆண்டுகள் கவனித்த இன்னோர் ஆய்வு 2017ல் வந்தது. அதில் இந்த வித்தியாசம் 41 சதவீதம். மாரடைப்பு போன்ற இதய நோய்களும் புற்றுநோயும்கூட சைக்கிள்காரர்களிடம் குறைவாகவே இருந்தன.

“அது வெள்ளைக்காரர்களுக்கு, நமக்குச் சரிவருமா?” என்று கேட்பவர்களுக்காக ஒன்று. லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு நகரத் தொழிலாளர்களையும் கிராமத்தில் வாழும் அவர்களது உறவினர்களையும் சேர்த்து ஏறக்குறைய 4,000 பேரை ஆராய்ந்து 2013ல் ஒரு கட்டுரை வந்தது. வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களிடம் அதிக எடை, ரத்த அழுத்தம், நீரிழிவு மூன்றுமே குறைவு என்று அதில் கண்டார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே திடமாக இருப்பவர்கள்தான் சைக்கிளில் ஏறுகிறார்களோ என்ற சந்தேகம் இத்தகைய ஆய்வுகளில் எப்போதும் உண்டு. ஆகவே சைக்கிள் வாங்கியவுடன் ஆயுள் கெட்டி என்று எழுதிக்கொடுக்க முடியாது. ஆனால் எல்லா ஆய்வும் ஒரே திசையில் கை காட்டும்போது அதைப் புறக்கணிப்பதும் சரியல்ல.

நமக்கு இது வெறும் செய்தி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023ல் வெளியானபோது, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. நம் இனத்தாருக்கு உடம்பு பெருக்காமலேயே, வயிறு மட்டும் லேசாக முன்னே வந்தாலே சர்க்கரை எட்டிப் பார்க்கும். இங்கே வந்தபின் நம் வாழ்க்கையையும் பாருங்கள். வீட்டிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து கார், காரிலிருந்து நாற்காலி. இரவு பத்து மணிக்கு மேல் பரோட்டா. நடுநடுவே பால்டின் போட்ட கரக் டீ. சர்க்கரை வராமல் என்ன செய்யும்?

உடம்புக்குள் நடப்பது என்ன?

மருந்துக்கடை பாய் இதை விளக்கும் விதம் எங்களுக்குப் பிடிக்கும். “ரத்தத்தில இருக்கிற சர்க்கரை தசைக்குள்ள போகணும்னா இன்சுலின் சாவி போட்டுக் கதவைத் திறக்கணும். நமக்கு வயசாக ஆக, தொப்பை கூடக் கூட, அந்தப் பூட்டு துருப்பிடிச்சுப் போகுது. ஆனா தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திருக்காம அதுவே ஒரு பின்வாசலைத் திறந்துக்கும். சர்க்கரை அந்த வழியா உள்ளே போயிடும். ரொம்பப் பெரிய தசை ஒண்ணு தொடையில இருக்கு. சைக்கிள் மிதிக்கிறது அந்தத் தசைதானே?”

இந்தப் பலன் மிதித்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் நீடிக்கும், பிறகு குறைந்துவிடும். அதனால்தான் வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாளாவது இருபது நிமிடம் ஓட்டுவது மேல். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்பது எங்கள் விதி. வேலைக்குப் போகும் பாதையையே உடற்பயிற்சியாக்கினால் இந்த இடைவெளி தானாகவே விழாது.

முழங்கால் வலிக்காரர்களுக்கும் இது நல்லது. நடையிலும் ஓட்டத்திலும் உடம்பின் பாரம் முழுவதையும் கால்தான் தாங்க வேண்டும். சைக்கிளில் பெரும்பகுதியைச் சீட்டு தாங்கிக்கொள்ளும்.

எங்களுக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்பீர்கள். எட்டு மாதம் கழித்துக் கணக்கரின் 6.2 என்பது 5.8 ஆனது. இரவுப் பரோட்டாவையும் அவர் நிறுத்தியிருந்தார். ஆகவே முழுப் புகழையும் சைக்கிளுக்குக் கொடுக்க முடியாது. எடை மூன்று கிலோதான் குறைந்தது. ஆசிரியருக்கு எடை குறையவே இல்லை. ஆனால் இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறது என்கிறார். மிதித்துச் செலவழிக்கிற கலோரி ஒரு பரோட்டாவுக்கே சரியாகப் போய்விடும் என்பதையும் அனுபவத்தில் கற்றோம். சாப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு சைக்கிளை மட்டும் நம்பினால் தொப்பை அசையாது.

உடம்பைவிடக் கனமானது வெட்கம்

சொல்லப்போனால், வெயிலோ தூரமோ எங்களுக்குப் பெரிய தடையாக இல்லை. வெட்கம்தான் தடையாக இருந்தது. கணக்கரின் மகள் முதல் நாளே சொல்லிவிட்டாள்: “அப்பா, எங்க வேணா சைக்கிள்ல போங்க. ஸ்கூல் வாசல்ல மட்டும் வந்து நிக்காதீங்கப்பா, ப்ளீஸ்.” மனிதருக்குச் சுருக்கென்றது. அதே மனிதர், தன் அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர்!

அன்றிரவு மொட்டைமாடியில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்து அண்ணன் சிரித்தார். “உங்களுக்கு உது கார் இல்லாதவன்ர வண்டி. எங்களுக்குத் தொண்ணூறுகளில உதுதான் கார், உதுதான் லொறி, உதுதான் அம்புலன்ஸ். பெற்றோலுக்குத் தடை. டொக்டரும் சைக்கிள், வாத்தியாரும் சைக்கிள், கலியாண மாப்பிள்ளையும் சைக்கிள். ஒருத்தரும் ஒருத்தரைக் குறைவாப் பாக்கேல்லை” என்றார். 2022ல் இலங்கையில் மறுபடியும் எரிபொருள் இல்லாமல் போனபோதும், கொழும்பில் அலுவலகம் போகிறவர்கள் சைக்கிளைத் தேடி ஓடியதை நாம் செய்தியில் பார்த்தோம்.

கணக்கரின் மனைவி புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். அவரும் பேச்சில் சேர்ந்துகொண்டார். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். கேலி பேசாதவர் இல்லை. “ஆனா ஒருத்தியும் எறங்கல அண்ணே. தண்ணிக் குடத்தைக் கட்டிக்கிட்டு, புள்ளைய முன்னால உக்கார வெச்சுக்கிட்டு நாங்க ஓட்டினோம். பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்த பொழுதெல்லாம் மிச்சமாச்சு. கேலி பேசுன வாயி ஆறு மாசத்துல தானா மூடிக்கிச்சு” என்றார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்தப் பெண்களைப் பற்றி எழுதியது பிறகு உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது.

பெரிய பதவிக்காரர்கள் சைக்கிளில் போவதில்லை என்பதும் சரியில்லை. 2010 முதல் 2024 வரை நெதர்லாந்தின் பிரதமராக இருந்த மார்க் ருட்டே, அலுவலகத்துக்கே சைக்கிளில் போய்வந்தவர். நாமோ மானேஜர் ஆனவுடன் பக்காலாவுக்குக்கூடக் காரில் போகிறோம்!

அந்த உரையாடலை மகள் கேட்டுக்கொண்டிருந்தாள் போலும். அடுத்த வாரம், “அம்மா, நீ எனக்குச் சைக்கிள் சொல்லித் தர்றியா?” என்று கேட்டாள். இப்போது வெள்ளிக்கிழமை காலைகளில், வண்டி ஓட்டம் இல்லாத எங்கள் உள்தெருவில், அம்மாவிடம் கட்டடத்துப் பெண்களும் பிள்ளைகளும் சைக்கிள் கற்கிறார்கள்.

கோயிலைச் சுற்றுவது போல் சுற்றாதீர்கள்

இனிச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியம். சைக்கிள் உடம்புக்கு நல்லது. ஆனால் கார்ச் சாலையில் சைக்கிள்தான் மெலிந்தவன்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி, விழுப்புரம் பக்கத்துக்காரர், துப்புரவுப் பணியில் இருந்தார். இரவு ஷிப்ட் முடிந்து அறைக்குச் சைக்கிளில் திரும்பும்போது ஒரு கார் பின்னாலிருந்து மோதியது. கருநீலச் சீருடை. சைக்கிளில் விளக்கில்லை, பின்னால் சிவப்பு ஒளிர்வான்கூட இல்லை. “எனக்கு ஆள் இருப்பதே தெரியவில்லை” என்று கார் ஓட்டியவர் அழுதார். உயிர் பிழைத்தது, கால் முறிந்தது. நான்கு மாதம் படுக்கை, பிறகு ஊர். அவர் நம்பியிருந்த சம்பளமும் அதோடு போயிற்று. மூன்று ரியால் பெறுமான விளக்கு ஒன்று இருந்திருந்தால் என்று நாங்கள் நினைக்காத நாளில்லை.

ஊரிலிருந்து வரும் நமக்கு இன்னோர் ஆபத்து உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் இடதுபக்கம் போய்ப் பழகியவர்கள் நாம். இங்கே வலதுபக்கம். கார் ஓட்டும்போது லைசென்ஸ் வகுப்பு நம்மைத் திருத்திவிடுகிறது. சைக்கிளில் ஏறியதும் கை தானாகப் பழைய பக்கம் திரும்புகிறது! சிலர், எதிரே வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு போவதுதான் பாதுகாப்பு என்று வேண்டுமென்றே எதிர்த்திசையில் போகிறார்கள். மிகத் தவறு. தெருமுனையில் திரும்புகிற காரோட்டி அந்தத் திசையில் ஆள் வருவார் என்று எதிர்பார்ப்பதே இல்லை.

ரவுண்டபவுட் இன்னும் கவனம். ஊரில் ரவுண்டானாவை நாம் கோயிலைச் சுற்றுவது போல வலம் வருவோம். இங்கே நேர் எதிர். இடமாகச் சுற்ற வேண்டும். வண்டிகள் நம் இடப்பக்கத்திலிருந்து வரும். உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. பெரிய ரவுண்டபவுட்டில் எங்களுக்கு ஒரே வழிதான்: இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பாதசாரி கடக்கும் இடத்தில் கடப்பது. இரண்டு நிமிடம் கூடுதலாகும். போகட்டும்.

கரீஃப் காலத்தில் இவை எல்லாமே இரட்டிப்பு. அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து சுற்றுலா வண்டிகள் நிறையும். ஓட்டுநருக்குப் பாதை புதிது. கண்ணோ மலையைப் பார்க்கும். தூறலில் சாலையின் வெள்ளைக் கோடுகள் சோப்புப் போட்டதுபோல வழுக்கும். பிரேக் தாமதமாகப் பிடிக்கும். மலைப்பக்கம் பனிமூட்டத்தில் பத்தடிக்கு முன்னால் நிற்கும் ஒட்டகம்கூடத் தெரியாது. அந்த மாதங்களில் மலைச்சாலைக்கும் நெடுஞ்சாலைக்கும் சைக்கிளில் போவதே இல்லை என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

1. முதலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவசரமில்லாமல், அலுவலகம்வரை ஓட்டிப் பாருங்கள். காரில் போகும் பெரிய சாலையை விட்டு, உள்தெரு வழி இருக்கிறதா என்று தேடுங்கள். சற்றுச் சுற்று என்றாலும் அதுவே நல்லது.

2. ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். ஒரு மாதத்தில் உடம்பு தானே கேட்கும்.

3. சீட்டின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மிதிப்பது முன்பாதத்தால், அப்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்கால் வலி நிச்சயம்.

4. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலையில் ஹெல்மெட், உடம்பில் ஒளிரும் பட்டை போட்ட மேலாடை. நான்கும் இல்லாமல் இரவில் ஏறாதீர்கள்.

5. அலுவலகச் சட்டையைப் பையில் வையுங்கள். போய்ச் சேர்ந்து பத்து நிமிடம் ஆறிய பிறகு முகம் கழுவி மாற்றிக்கொள்ளலாம். ஒரு துண்டும் மேசையில் இருக்கட்டும்.

6. தண்ணீர் பாட்டில் கட்டாயம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

7. சலாலாவின் உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண் ஒட்டிக்கொள்ளும். மெஷின் ஆயில் நல்லது.

8. காதில் இயர்போன் வேண்டாம். பின்னால் வரும் வண்டியைக் காதுதான் முதலில் பார்க்கிறது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள், நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ வருபவர்கள், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சைக்கிள் ஓட்டும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, தலைச்சுற்றல் வந்தால் உடனே இறங்கி உட்கார்ந்து, சட்டைப்பையில் வைத்திருக்கும் குளுக்கோஸையோ மிட்டாயையோ சாப்பிட வேண்டும். நீரிழிவுக்காரர்கள் செருப்போடு ஓட்டக் கூடாது. மூடிய ஷூ போட்டு, இரவில் பாதத்தைப் பார்த்துப் புண் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நோன்பு மாதத்தில் பாய் பகலில் ஓட்டுவதில்லை. இஃப்தார் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து மெதுவாக ஒரு சுற்றுப் போய்வருவார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

எங்களுக்கு விளக்கும் ஒளிர்பட்டையும் வாங்கப் போனபோது, கூடப் பத்து செட் வாங்கினோம். தொப்பைக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நாங்கள் நாலு பேர். பிழைப்புக்காக ஓட்டுகிறவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். தோட்டத்தில், ஓட்டலில், துப்புரவில் வேலை பார்க்கும் அந்தச் சகோதரர்களுக்குச் சைக்கிளில் ஏறுவதா வேண்டாமா என்ற தேர்வே இல்லை. பத்து செட்டும் ஒரே மாலையில் தீர்ந்துவிட்டன. வாங்கிக்கொண்ட ஒரு பெரியவர் பின்விளக்கை அங்கேயே மாட்டி, எரிகிறதா என்று நாலு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அன்பு வாசகர்களே, நீங்கள் எல்லோரும் நாளையே காரை விற்றுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. ஐந்தாறு கிலோமீட்டருக்குள் வேலையிடம் இருப்பவர்கள் வாரத்துக்கு இரண்டு நாள் முயன்று பாருங்கள். அதற்கும் வசதிப்படாதவர்கள், இரவில் காரில் போகும்போது ஓரமாக ஒரு சைக்கிள் தெரிந்தால் சற்று வேகத்தைக் குறைத்து, ஒரு கை தூரம் கூடுதலாக விட்டுப் போங்கள். உங்கள் அலுவலகத்திலோ கட்டடத்திலோ சைக்கிளில் வரும் ஒரு தம்பிக்கு ஒரு பின்விளக்கு வாங்கிக் கொடுங்கள்.

வழியில் எங்கள் நால்வரைப் பார்த்தால், “வண்டி ரிப்பேரா சார்?” என்று தாராளமாகக் கேளுங்கள். “வண்டி நல்லா இருக்கு. ரிப்பேர் எங்களுக்குத்தான். பார்த்துக்கிட்டு இருக்கோம்” என்று சொல்லிவிட்டுப் போவோம்!